கத்தியும் துவக்கும் ஒன்றானால்: நான் ஏன் சனியனை எடுத்தேன்

ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஒரு நண்பனின் ஃப்ளாட்டில் ஐந்து பேர் கூடி மேசைக் கேம் ஆடுகிறோம். டைஸ், பேப்பர், பென்சில், கதை நடத்த ஒருவன், பக்கத்துக் கடை ரோல்ஸ். போன மாதம் புதுக் கதை தொடங்கியபோது கதை நடத்துபவன் ஆயுதப் பட்டியலில் ஒரு பக்கம் கூட்டியிருந்தான். எல்லாம் கத்தியும் துவக்கும் சேர்ந்த சாமான்கள்: கன்பிளேட், கன்லான்ஸ், கட்லஸ் பிஸ்டல், கடைசியில் ஒரு சாதாரண மஸ்கெட், அதாவது பழைய காலத்து நீளத் துவக்கு, அதன் நுனியில் பூட்டும் கத்தியான பயனெற். முதல் மூன்றையும் மூன்று பேர் அடிபட்டு எடுத்தார்கள். நான் நாலாவதை எடுத்தேன்.

“என்ன மச்சான், பட்டாளத்துக்குப் போறியா?” என்று ஒரே சிரிப்பு. பயனெற்றுக்குத் தமிழில் துப்பாக்கிச் சனியன் என்று ஒரு பெயர் இருப்பது ஒருவனுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. அன்றிலிருந்து மேசையில் என் பெயரே சனியன்தான். (வீட்டில் இந்தச் சொல்லை நான் எடுப்பதில்லை. அம்மாவின் வயதுக்காரர்களுக்கு அது கேமில் வருகிற சாமான் இல்லை.)

அழகு என்று பார்த்தால் போட்டியே கிடையாது, கன்பிளேட்தான். 1999இல் வந்த வீடியோ கேம் ஃபைனல் ஃபேண்டஸி எட்டில் ஸ்குவால் தோளில் சாத்திக்கொண்டு நிற்பானே, ரிவால்வர் பிடியும் நீண்ட அலகும், அது. பலர் அதைக் குண்டு சுடும் வாள் என்று நினைக்கிறார்கள். அதிலிருந்து குண்டே பறக்காது. வெட்டு விழும் நொடியில் விசையை அழுத்தினால் வெடிப்பு அலகை அதிரவைத்து வெட்டைப் பலமாக்கும். கன்ட்ரோலரில் ஆர்1 பட்டனை நேரம் பார்த்துத் தட்டுவது இதற்குத்தான். அந்தத் தட்டின் ருசி எனக்கு இன்னும் விரலில் இருக்கிறது. ஆனால் உண்மையில் யாராவது செய்து கையில் தந்தால்? பிஸ்டல் பிடி வளைந்திருப்பது குறிபார்க்க வசதியாக. வாளின் பிடி கையின் போக்கிலேயே நீள்வது வீச வசதியாக. ரிவால்வரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு மூன்றடி இரும்பை வீசினால் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்!

கன்லான்ஸ் அதைவிட யோசித்துச் செய்த சாமான். மொன்ஸ்டர் ஹன்டர் என்ற வீடியோ கேம் தொடரில் வருவது: ஒரு கையில் பெரிய கேடயம், மறு கையில் நுனியில் வெடி வைத்த ஈட்டி. விலங்கின் தோல் எவ்வளவு தடிப்பு என்ற கவலை வெடிக்கு இல்லை. நான் அதை ஆடியது கொஞ்ச நாள்தான், அதுவும் 2018இல் வந்த ‘வேர்ல்ட்’ பதிப்பில் மட்டும். ஆகவே அதில் ஊறினவர்கள் என்னைத் திருத்தலாம். எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு சின்ன விதி. ஒவ்வொரு வெடிக்கும் ஈட்டியின் கூர் குறையும். சண்டைக்கு நடுவில் ஒதுங்கி இருந்து சாணை பிடிக்கவேண்டும். வெடியும் கூரும் ஒரே உடம்பில் குடியிருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும் என்பது அந்தக் கேமைச் செய்தவர்களுக்கு விளங்கியிருக்கிறது. பிளட்போர்ன் என்ற கேமிலும் துவக்கு ஈட்டி ஒன்று உண்டு, அதுவும் தேய்ந்தால் பட்டறையில் காசு கட்டித் திருத்தவேண்டும், அங்கே காசு என்பது இரத்த எதிரொலி.

இனிக் கட்லஸ் பிஸ்டல். இது கற்பனை இல்லை. ஜோர்ஜ் எல்ஜின் என்ற அமெரிக்கர் 1837இல் காப்புரிமை எடுத்தது. ஒற்றைக் குண்டு பிஸ்டல், குழலுக்கு அடியில் ஏறத்தாழ 11 அங்குல அலகு. 1838இல் பசிபிக் பக்கம் புறப்பட்ட வில்க்ஸின் கடலாய்வுப் பயணத்துக்காக அமெரிக்கக் கடற்படை 150 வாங்கியது. கடற்படையே காசு கொடுத்து வாங்கியதால் இந்த வகையில் இதை மதிக்கலாம். மற்றதெல்லாம் பெரும்பாலும் வேடிக்கை. எட்டாம் ஹென்றியின் கைத்தடி என்று லண்டன் கோட்டையில் காட்டிவந்த முள்ளுத்தடிக்குள் மூன்று குழல். இந்தியக் கட்டாரிகள் சிலவற்றில் பிடியின் இரண்டு பக்கமும் இரண்டு குட்டிப் பிஸ்டல். பரிஸ் ரவுடிகளின் பெயரால் அறியப்பட்ட அப்பாஷ் ரிவால்வரில் கைமுட்டி வளையம், மடக்குக் கத்தி, ரிவால்வர் மூன்றும் உண்டு, குழல்தான் இல்லை. நாலு முழத்துக்கு அப்பால் நிற்பவனுக்குப் பயமே வேண்டாம்.

இந்த வகைகளில் பல சண்டைக்கு என்பதைவிடக் காட்டுவதற்கும் கொடுப்பதற்கும் செய்தவை என்பது என் எண்ணம். கறுவாத்தோட்டத்து மியூசியத்தில் லெவ்கே பீரங்கியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது பிடிபடும். 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுபோய், 2023இல் திரும்பி வந்தது. பொன்னும் வெள்ளியும் கல்லும் பதித்த அந்தப் பீரங்கியால் யாரைச் சுட மனம் வரும்? அதே கட்டடத்தில் சிங்கமுகப் பிடி போட்ட கஸ்தானை வாள்களும் கண்டிக் காலத்துத் துவக்குகளும் இருக்கின்றன. அந்தத் துவக்குகளுக்குப் பூட்டு, அதாவது வெடிக்கவைக்கும் பொறி, இடப்பக்கம். நான் பார்த்த அலுமாரிகளில் வாள் வாளாக, துவக்கு துவக்காகத்தான் இருந்தன.

சரி, நான் ஏன் பயனெற்? ஒரே காரணம். சுட்ட பிறகு என்ன செய்வது என்ற கேள்வி.

கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது, திண்மமாக மிஞ்சும். குழலுக்குள் கறுப்பாக அப்பிக்கொள்ளும் அந்த அழுக்கு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மருந்தைப் பற்றவைக்கும் எல்ஜின் காலத்துக் கப்சூல் இன்னும் மோசம், அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்து விட்டுப்போவது ஒருவகை உப்பு. உப்பும் ஈரமும் இரும்பை என்ன செய்யும் என்று வெள்ளவத்தையில் இருப்பவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடற்கரை ரயில் பாதைக்கு இந்தப்பக்கம் ஜன்னல் கிறில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ற் கேட்கும். எங்கள் குசினியில் பிரிட்ஜின் கீழ்ப்பக்கத்தைக் கறள் தின்றுமுடித்துவிட்டது. கத்தியை ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் விடிய மஞ்சள் புள்ளி.

ஆகவே சுட்டவன் அன்றே கழுவவேண்டும், அதுவும் சுடுதண்ணீரில். குழலுக்குள் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் உருவி, காயவைத்து, எண்ணெய் பூசவேண்டும். மஸ்கெட்டில் இது பழகிய வேலை. பயனெற்றைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டுக் குழலைக் கழுவலாம். கட்லஸ் பிஸ்டலில் அலகு குழலோடு சேர்ந்தே நிற்கிறது. ஊற்றும் தண்ணீர் இரண்டும் சேரும் இடுக்கில் இறங்கும், அங்கே துணி போகாது. கறள் அங்கேதான் தொடங்கும். சாணை பிடிப்பதென்றால் மரப்பிடி, சுத்தியல், சுருள்வில் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு சாணைக்காரனிடம் போகவேண்டும். உள்ளே மருந்து கிடக்கிறதா என்று பார்க்க மறந்தால் அவன் பாடு. அலகு எலும்பில் பட்டு அதிரும் ஒவ்வொரு முறையும் பூட்டும் அதிரும். அலகு முறிந்தால் நல்ல பிஸ்டலும் சேர்ந்து பட்டறைக்குப் போகும்.

மாமா வீட்டில் முன்பு டிவியும் வீடியோ டெக்கும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி ஒன்று இருந்தது. டெக் நாடாவைச் சப்பத் தொடங்க, பெட்டியே பம்பலப்பிட்டியில் ஒரு திருத்துகிற கடைக்குப் போனது. இரண்டு மாதம் வீட்டில் செய்தியும் இல்லை, நாடகமும் இல்லை. மாமி அதற்குப் பிறகு ‘டூ இன் வன்’ என்று யார் சொன்னாலும் எழுந்து குசினிக்குப் போய்விடுவா.

பயனெற்றுக்குக் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. முதலில் வந்த வகையைக் குழலின் வாய்க்குள் அடைப்பானைப்போல் செருகவேண்டும், செருகினால் சுட முடியாது. 1689 ஜூலை 27இல் ஸ்கொட்லாந்தின் கில்லிகிரங்கியில் மக்கேயின் அரசாங்கப் படை சுட்டுவிட்டுச் செருகப் போன இடைவெளியில் மலைநாட்டுக்காரர் வாளோடு மேலே வந்து விழுந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் குழலைச் சுற்றி மாட்டும் வளைய வகை பரவியது. அலகு ஒரு பக்கம் விலகி நிற்பதால் மாட்டியபடியே மருந்து போடலாம், சுடலாம். இரண்டு ஆயுதங்கள் ஒன்றாக நின்று வேலை செய்து, வேலை முடிந்ததும் பிரிந்துபோகின்றன. படைகள் அதை இரு நூறு வருடத்துக்கு மேல் விடாமல் வைத்திருந்தன. எல்ஜினின் பிஸ்டல் அந்த 150ஐத் தாண்டி அதிகம் போகவில்லை.

போன ஞாயிறு இதெல்லாம் பரீட்சைக்கு வந்தது. கதையில் அடைமழை. எங்கள் கதை நடத்துபவன் வைத்திருக்கும் விதி: ஈரத்தில் மூன்று வெடிக்குப் பிறகு கழுவாவிட்டால் கறளுக்கு டைஸ் போடவேண்டும். பாலத்தில் என் துவக்கு நனைந்து வெடிக்கவில்லை. பரவாயில்லை, ஆறடி நீள ஈட்டி என்று வைத்துக் குத்தினேன். கன்பிளேட்காரன் இரண்டு தடவை டைஸில் தோற்று, அலகில் கறளோடு நின்றான். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு கோபுரத்தின் சுழல் படி வந்தது. ஆறடிச் சாமானைத் திருப்பவே முடியவில்லை. என்னைக் காப்பாற்றியது கட்லஸ் பிஸ்டல் வைத்திருந்த தங்கச்சிதான். ஒரு வெடி, ஒரு வெட்டு, முடிந்தது. “சனியண்ணா, வெளியில நில்லுங்கோ,” என்றாள். நெருக்கமான இடத்தில் அது வெல்லும், ஒத்துக்கொள்கிறேன். அன்று இரவு முகாமில் அவளுக்கு ஒரு மணித்தியாலம் கழுவல் வேலை, காவலுக்கு நிற்க முடியவில்லை. அவளுடைய காவல் முறையும் என் தலையில் விழுந்தது.

வருகிற ஞாயிறு பயனெற்றை மாற்றிக்கொள்ளலாம் என்கிறான் கதை நடத்துபவன்: இப்போதிருக்கும் 17 அங்குல முக்கோண அலகு, இல்லாவிட்டால் பிரிட்டிஷ் பட்டாளத்தின் பழைய பேக்கர் ரைபிளுக்குச் செய்த வகையில் 24 அங்குல வாள் பயனெற். இரண்டாவதைக் கழற்றிக் கையில் வாளாகவே பிடிக்கலாம், படியிலும் உதவும். ஆனால் மாட்டினால் நுனி கனத்துக் குறி கீழே இழுக்குமாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தங்கச்சி மட்டும் நீளமானதை எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறாள்.