அப்பா அம்மாவைச் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட: தேவனஹள்ளியா, திருச்சியா?

பெங்களூரில் குடியேறிவிட்ட டெல்டாக்காரர்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்போதாவது வந்தே தீரும். பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம், தங்கையோ தம்பியோ சிங்கப்பூரில், நாம் இங்கே ராமமூர்த்தி நகரிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ. என் தங்கைக்கு முதல் பிரசவம் நெருங்கியபோது, "நீ அங்கதானேண்ணா இருக்கே, பெங்களூர்லேர்ந்தே ஏத்தி விட்டுடேன்" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இரண்டாவது பிரசவத்துக்குத் திருச்சியிலிருந்து அனுப்பினேன். இரண்டையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்: அறுபதைத் தாண்டிய, தமிழ் மட்டுமே பேசுகிற பெற்றோர் சிங்கப்பூருக்குப் போவதென்றால் திருச்சிதான்.

பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2023 செப்டம்பரில் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இரண்டாவது முனையத்துக்கு மாறின. உள்ளே போனால் மூங்கில் வேய்ந்த கூரை, மேலிருந்து தொங்கும் செடிகொடிகள், தண்ணீர் சலசலக்கும் சத்தம். அம்மா தலையைத் தூக்கியபடியே நடந்தாள். இரண்டரை லட்சம் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு, ஆண்டுக்கு 2.5 கோடிப் பயணிகளைத் தாங்கும் கட்டடம். உட்கார இடத்துக்கோ, சாப்பாட்டுக்கோ, கழிப்பறைக்கோ அலைய வேண்டியதில்லை. காசு கொடுத்தால் படுத்துத் தூங்க அறைகூட உண்டு.

ஆனால் அந்த அழகுக்குள் போய்ச் சேருவதற்குள் முதியவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தஞ்சாவூரில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, விடியற்காலை பெங்களூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து வீடு. அப்புறம் வீட்டிலிருந்து விமான நிலையம். ஊர் நடுவே பஸ், ரயில் நிலையங்கள் இருக்கும் மெஜஸ்டிக்கிலிருந்தே சுமார் 35 கிலோமீட்டர், எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கோ ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. விமான நிலையத்துக்கு ஓடும் வாயு வஜ்ரா பஸ் நல்ல பஸ்தான், ஆனால் நான்கு பெட்டியும் முட்டிவலியும் சேர்ந்தால் டாக்ஸி தவிர வழியில்லை. ஹெப்பாள் மேம்பாலத்தில் சாயங்கால நெரிசலில் சிக்கியபோது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை விமானம் என்றால் தேவனஹள்ளிப் பனிமூட்டத்தால் தாமதமாகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போன பிறகு நடை. முனையம் பெரிது என்றால் வாசலுக்கும் விமானத்துக்கும் இடையே தூரமும் அதிகம் என்றுதான் பொருள். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு "நான் நடந்துடுவேன்" என்று அம்மா சொன்னாலும் வீல்சேருக்குச் சொல்லிவிடுங்கள். வழி விசாரித்தால் கன்னடம், இந்தி, ஆங்கிலம். தமிழ் தெரிந்த ஊழியர் கண்ணில் படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. டிக்கெட் இல்லாத நாம் வாசலோடு நிற்க வேண்டியதுதான். அங்கிருந்து அவர்கள் தனியாகப் போவதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

திருச்சியில் இதெல்லாம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. தஞ்சாவூர் வீட்டு வாசலில் கார் ஏறினால் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். துவாக்குடி, டி.வி.எஸ். டோல்கேட், புதுக்கோட்டை ரோடு, அவ்வளவுதான். பழைய கட்டடத்தின் இடநெருக்கடியை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2024 ஜனவரி 2ஆம் தேதி புது முனையம் திறந்துவைக்கப்பட்டு, ஜூனிலிருந்து அதில்தான் எல்லாம் நடக்கிறது. சுமார் 75,000 சதுர மீட்டர், ஆண்டுக்கு 44.5 லட்சம் பேர். தேவனஹள்ளியோடு வைத்தால் சின்னதுதான், ஆனால் அப்பா அம்மாவுக்கு வேண்டிய அளவு அதுதான். கோபுரச் சாயல் முகப்பு, சுவரில் கோலமும் ஓவியமும். முக்கியமாக, கவுன்டரில் இருப்பவரிடமும் பக்கத்து இருக்கைக்காரரிடமும் தமிழில் பேசலாம். திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் இன்னொரு பாட்டி அதே வரிசையில் நிற்பாள். அம்மாவுக்கு அப்படி ஒருத்தர் பட்டுக்கோட்டையிலிருந்து கிடைத்தார், சாங்கி வரை பேச்சுத்துணை.

குறையும் உண்டு. ஓடுபாதை சுமார் 2,500 மீட்டர்தான், அதனால் பெரிய ரக விமானங்கள் வருவதில்லை. தேவனஹள்ளியில் 4,000 மீட்டரில் இரண்டு ஓடுபாதைகள், மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380யே இறங்குகிறது. திருச்சி–சிங்கப்பூர் வழியில் ஓடுவது பெரும்பாலும் ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற மலிவுக் கட்டண விமானங்கள். சாப்பாட்டுக்கும் பெட்டி எடைக்கும் தனியாகக் கட்ட வேண்டி வரலாம். பிரசவ லேகியம், வத்தல், பொடி, முறுக்கு என்று அம்மாவின் பெட்டி எப்படியும் கனக்கும், ஆகவே எடையைச் சேர்த்துக் கட்டணத்தைக் கணக்கிட்ட பிறகே பெங்களூரோடு ஒப்பிடுங்கள். சாப்பாடும் எடையும் அடங்கிய டிக்கெட்டில் வசதியாகப் போக வேண்டும் என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் பெங்களூர்தான்.

திரும்பி வரும்போது ஒன்று. தங்கக் கடத்தல் அடிக்கடி பிடிபடும் இடம் என்பதால் திருச்சியில் சுங்கச் சோதனை கடுமை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் வரியில்லாமல் தங்க நகை கொண்டுவரும் சலுகை. மூன்று மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோருக்கு இல்லை. போட்டுக்கொண்டு போகும் நகைகளுக்குக் கிளம்பும்போதே சுங்கத்துறையில் சான்று வாங்கி வைத்தால் நல்லது. இது எந்த விமான நிலையமானாலும் பொருந்தும். நகையைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வேன்.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024இல் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். எலெக்ட்ரானிக் சிட்டித் தமிழர்கள் அதை எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தேவனஹள்ளியைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய நிலையத்துக்கு ஒப்பந்தத் தடை இருக்கிறது. இப்போதைக்கு அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்து அத்தை லண்டனுக்கு, மகன் வீட்டுக்குப் போகிறார். அதற்குத் தேவனஹள்ளிதான், ஏனென்றால் திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடையாது. இரண்டு நாள் முன்பாகவே வரச் சொல்லியிருக்கிறேன். ரயில் அலுப்பு தீர வீட்டில் தூங்கி எழட்டும், அப்புறம் மதியமே கிளம்பி நெரிசலுக்கு முன் ஹெப்பாளைத் தாண்டிவிடலாம். வீல்சேருக்கும் சொல்லியாகிவிட்டது.