வெந்துபோன ஓவன் போர்ட்டும் தெகிவளைப் பட்டறையும்

வீட்டிலிருந்து கேக் ஓடர் எடுத்துச் செய்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எங்கள் ஓவன் பழுதானதையும் அதைத் திருத்திய தெகிவளைப் பட்டறையையும் பற்றி எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி, குசினி ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். 2019இல் வாங்கிய குக்கர்: மேலே நாலு காஸ் அடுப்பு, கீழே கரண்ட் ஓவன், இரண்டுக்கும் நடுவில் டச் பட்டன் வைத்த பேனல்.

போன நவம்பரில் தொடங்கியது. ஓவனை 180இல் வைத்தால் அரை மணித்தியாலம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்குப் பிறகு எண்கள் மங்கும், தானாகவே பீப் அடிக்கும், பட்டனை அமத்தினால் கேட்காது, கடைசியில் மணிக்கூடு பூச்சியத்துக்குப் போய் ஓவன் நின்றுவிடும். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் புதிதுபோல வேலை செய்யும். பட்டர் கேக் என்றால் எப்படியாவது சமாளிக்கலாம், ஆனால் ரிச் கேக்குக்கு 150இல் இரண்டரை, மூன்று மணித்தியாலம் வேண்டும். ரவை, கஜு, புகுல் தோசி (சீனிப்பாகில் போட்ட நீற்றுப்பூசணி), ஒரு கிழமையாக ஊறிய பழங்கள் எல்லாம் போட்ட ஒரு பெரிய தட்டு நடுவில் பச்சையாகவே நின்றுபோய், அதை அப்படியே வெளியே கொட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலில் வாங்கிய இடத்தின் சேர்விஸுக்குச் சொன்னோம். வந்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் ஓவன் ஆறியிருந்த நேரத்தில் போட்டுப் பார்த்தார், எல்லாம் சரியாக வேலை செய்தது, ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, பேனலுக்குப் பின்னால் இருக்கிற எலெக்ட்ரானிக் போர்ட்டை மாற்ற வேண்டும் என்றார். 68,000 ரூபாய், சாமான் வர ஆறு கிழமை, வந்து பார்த்ததற்கு 3,500. ஏன் பழுதானது என்று கேட்டதற்கு, பழசாகிவிட்டது, அவ்வளவுதான் என்ற பதில். சூடாகும்போது மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை, அதனால்தான் நான் காசைக் கட்டவில்லை.

அப்புறம் கீழ்வீட்டு அக்கா சொல்லித்தான், தெகிவளையில் மின்சாமான் திருத்துகிற நானாவைப் பிடித்தோம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கைக்குள் சின்னப் பட்டறை, பெயர்ப்பலகை கிடையாது, வாசலிலேயே பழைய ரேடியோக்களும் மைக்ரோவேவ்களும் அடுக்கியிருக்கும். சொன்ன நாளுக்கு மூன்று நாள் பிந்தித்தான் வந்தார், இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் வந்தபின் அவர் வேலை செய்த முறை வேறு.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இல்லை. வெறும் ஓவனை 200இல் போட்டுவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார். ஒரு டிஷ்யூவை எடுத்துப் பேனலுக்கும் கதவுக்கும் இடையில் இருக்கிற ஒடுங்கிய வாய்க்கு நேரே பிடித்தார். கூலிங் ஃபேன் நன்றாக ஓடினால் டிஷ்யூ படபடக்க வேண்டுமாம். எங்களுடையது லேசாக அசைந்ததோடு சரி. கேக்கைச் சுற்றிச் சூட்டைப் பரப்புகிற ஃபேன் வேறு, இது வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இந்த இரண்டாவது ஃபேன் ஓவனுக்கும் பேனலுக்கும் நடுவில் காற்றைத் தள்ளி, மேலே இருக்கிற எலெக்ட்ரானிக்ஸைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இருப்பது. இருபத்தைந்தாவது நிமிடம் எண்கள் மங்கத் தொடங்கியதும், “இது தானாப் பழுதாகல்ல தங்கச்சி, வெந்து போயிருக்கு” என்றார்.

ஓவன் ஆறிய பிறகு ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். மூன்று பக்கமும் இறுக்கிப் பிடித்தது, மேல் வலது மூலையில் மட்டும் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் கதவு றப்பர் சப்பையாகி, சூடு நேரே பேனலுக்கு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு காஸ் ரெகுலேட்டரை மூடி, பிளக்கைக் கழற்றி, குக்கரை முன்னால் இழுத்தால், முதுகு சுவர் டைல்ஸோடு ஒட்டியே இருந்திருக்கிறது, காற்று வர வழியே இல்லை. ஃபேனைக் கழற்றினார். இறகு ஒவ்வொன்றிலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மண்ணிறக் களி மாதிரி, விரலால் சுற்றினால் ஒரு சுற்று கூட முழுதாக ஓடவில்லை.

இதெல்லாம் சரி, ஆனால் பெரிய காரணம் இதுவல்ல. “சமைச்சு முடிஞ்சதும் சுவிட்சை எங்க நிறுத்துவீங்க?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சுவரைக் காட்டினார். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியதிலிருந்து, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் ஏறிய பிறகு இன்னும் கண்டிப்பாக, வேலை முடிந்த கையோடு சுவரில் இருக்கிற சுவிட்சை நிறுத்துவது எங்கள் வீட்டில் சட்டம். அங்கேதான் பிழை. ஓவனை நிறுத்திய பிறகும் அந்த ஃபேன் உள்ளே சூடு இறங்கும் வரை தானாக ஓட வேண்டும், எங்களுடையதில் இருபது நிமிடம் போல. சுவரில் நிறுத்தினால் ஃபேனும் நிற்கும், 180 பாகையில் இருக்கிற பெட்டியின் சூடு முழுக்க மேலே இருக்கிற போர்ட்டில் போய்த் தேங்கும். நாங்கள் வருடக்கணக்காக ஒவ்வொரு கேக்குக்கும் அதைத்தான் செய்திருக்கிறோம். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், கேக் வெந்துகொண்டிருக்கும்போதே நின்ற தடவைகளும் இதே கணக்குத்தான்.

போர்ட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அடுத்த நாள் என்னையும் வரச்சொல்லிக் காட்டினார். சின்னச் சின்ன உருளைகளாக இருக்கும் கெபாசிட்டர்களில் இரண்டின் தலை தட்டையாக இல்லாமல் அப்பம் மாதிரி உப்பியிருந்தது. பக்கத்தில் 85 பாகை என்று, அது தாங்கக்கூடிய சூடு அச்சடித்திருந்தது. சூடு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் இந்தச் சாமானின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, அதனால் அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட், ஆனால் 105 பாகைக்காரனாகப் பார்த்துப் போட்டார். ஹீட்டருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்சான ரிலேயின் கால்களைச் சுற்றி ஈயம் மயிரிழையாக வெடித்திருந்ததை லென்ஸ் வைத்துக் காட்டிவிட்டு, அதையும் புதிதாகப் பற்றவைத்தார். சில பின்களில் பச்சை பூத்திருந்தது, கடற்காற்றின் வேலை, அதையும் துடைத்தார். ஹீட்டர் வயரின் முனை ஒன்று தளர்ந்து கருகியிருந்தது. தளர்ந்த முனை தானே சூடாகும் என்று அதை வெட்டிப் புதிதாக அடித்தார்.

ஃபேன் மட்டும் அவரிடம் இல்லை, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் நான்தான் இரண்டு நாள் அலைந்து வாங்கினேன். பழையதைக் கையோடு கொண்டு போனதால் நீளத்தையும் சுற்றும் திசையையும் பார்த்துச் சரியாக எடுக்க முடிந்தது, இல்லாவிட்டால் பிழையானதை வாங்கியிருப்பேன். எல்லாம் சேர்த்து 17,200 ரூபாய்: கூலியும் போர்ட் வேலையும் 9,500, மீதி ஃபேனும் கதவு றப்பரும். குக்கரைத் திரும்பப் பூட்டும்போது சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தார். ரெகுலேட்டரிலும் ஹோஸிலும் சவர்க்கார நுரை பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் போகவில்லை. 2021 கடைசியில் நாட்டில் நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு என் வீட்டில் அது பெரிய விஷயம்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். நடுவில் கரண்ட் போனால் கதவை ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து வைக்கக் கூடாதாம், சூடு அந்த இடுக்கால் நேரே பேனலில் ஏறும். திறப்பதென்றால் கேக்கை எடுத்துவிட்டு முழுதாகத் திற, இல்லையென்றால் மூடியே வை.

குறையும் இருக்கிறது. பில் கிடையாது, மூன்று மாத உத்தரவாதம் வாய்ப்பேச்சுத்தான். நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு வருவார் என்று நம்ப முடியாது. காஸ் கசிகிறதா என்று பார்ப்பதோடு சரி, காஸ் அடுப்பைத் திருத்த மாட்டார், அதற்கு வேறு ஆள் வேண்டும். இவ்வளவும் தெரிந்தே திரும்பவும் அவரிடம்தான் போவேன், ஏனென்றால் சூடு எங்கிருந்து வந்தது என்று தேடிய ஒரே ஆள் அவர்தான். புது போர்ட் போட்டிருந்தால் அதே மூலையால் ஏறுகிற சூட்டில், சரியாக ஓடாத அதே ஃபேனோடு, அதுவும் வெந்திருக்கும். மார்கழியில் பதினொரு தட்டு ரிச் கேக் போட்டேன், ஒரு தடவைகூட எண் மங்கவில்லை.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் போக வேண்டாம், பள்ளிவாசலுக்குப் போயிருப்பார், நாலு மணிக்குப் பிறகு இருப்பார். குக்கரின் பின்பக்கத்தில் அல்லது கதவின் உள்விளிம்பில் மொடல் இலக்கம் ஒட்டியிருக்கும், அதை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியே அதுதான் கேட்பார்.