பிரிட்னி ஸ்பியர்ஸின் 'தி வுமன் இன் மி': அச்சில் படிக்கலாமா, ஆடியோவில் கேட்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்குவதென்றால் ஆடியோ வாங்குங்கள். அமெரிக்க பாப் பாடகி பிரிட்னி எழுதி 2023 அக்டோபர் 24 அன்று வெளியான சுயசரிதை இது. அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்திலேயே எல்லா வடிவங்களிலும் சேர்த்து 11 லட்சம் பிரதிகள் விற்றன. ஆடியோ சுமார் ஐந்தரை மணி நேரம் ஓடுகிறது. இரண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அச்சில் படிக்கும்போது வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, அவசரமாக, சில இடங்களில் சப்பென்றுகூட இருக்கும். அதே வாக்கியங்களை நடிகை மிஷெல் வில்லியம்ஸ் வாசிக்கக் கேட்டால், எதிரே உட்கார்ந்து ஒரு பெண் மனசுவிட்டுப் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. முன்னுரையை மட்டும் பிரிட்னியே தன் குரலில் வாசிக்கிறார். முழுவதையும் தான் வாசிக்காததற்குக் காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறார், நடந்ததையெல்லாம் மறுபடி வாழ்ந்து பார்ப்பது அவ்வளவு வேதனையாக இருந்ததாம். அந்தச் சில நிமிடக் குரலுக்காகவே ஆடியோ வாங்கலாம்.

பிரிட்னி என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது மூன்று காட்சிகள்தான். பள்ளிச் சீருடையில் ஆடும் பெண், மொட்டைத் தலை, பச்சைக் குடையை ஓங்கிக்கொண்டு ஒரு காரைத் தாக்குகிற கோலம். பாட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். (பாட்டு என்றதும் ஒன்று. அவருக்கு 2005இல் கிராமி வாங்கித் தந்த 'டாக்ஸிக்' பாட்டில் வருகிற அந்த வயலின் இழுப்பு, பாலசந்தர் எடுத்த 'ஏக் துஜே கே லியே' இந்திப் படத்துக்காக லதா மங்கேஷ்கரும் நம்ம எஸ்.பி.பி.யும் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. தெரியாதவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.) அந்த மூன்று காட்சிகளை வைத்தே ஊர் உலகமெல்லாம் ஒரு முழு மனுஷியை எடைபோட்டு முடித்துவிட்டது. 'அவளுக்குப் பைத்தியம்' என்று வாய்க்கு வந்தபடி பேசிய அந்த ஊர்ப்பேச்சுதான், பதிமூன்று வருஷம் அவரை அடைத்து வைத்த, அவர் வாழ்க்கையையும் பணத்தையும் அப்பா கையில் கொடுத்த கோர்ட் ஏற்பாட்டுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியது. புத்தகத்தைக் கேட்டு முடித்ததும் எனக்கு உறுதியாகப்பட்டது இதுதான்.

ஆரம்பம் லூசியானாவின் கெண்ட்வுட் என்கிற சின்ன ஊர். காட்டுக்குள் தனியாகப் பாடித் திரிந்த பிள்ளை. குடிகார அப்பா, ஓயாத சண்டை. அந்தப் பகுதியை எளிமையாக, நன்றாகவே சொல்லியிருக்கிறார். அதற்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அப்பா வழிப் பாட்டி ஜீன், பிறந்த சில நாளில் இறந்துபோன தன் குழந்தையின் கல்லறையிலேயே 1966இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர். அதற்கு முன்னால் அவரை மனநல விடுதியில் சேர்த்து லித்தியம் என்கிற மனநல மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு பேத்திக்கும் அதே லித்தியம். இந்த இடத்தைக் கேட்கும்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

1992இல் 'ஸ்டார் சர்ச்' நிகழ்ச்சியில் பத்து வயசுப் பெண்ணாகப் பாடிய பழைய வீடியோ இன்றும் கிடைக்கிறது. பாடி முடித்ததும் தாத்தா வயசுத் தொகுப்பாளர், உன் கண்கள் அழகாக இருக்கின்றன, பாய்ஃபிரெண்ட் உண்டா என்று கேட்கிறார். இல்லை என்று பிள்ளை சொன்னதும், நான் எப்படி என்கிறார். அரங்கத்தில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அடுத்த பத்து வருஷமும் அதே கேள்விதான், கேட்டவர்கள் மட்டும் மாறினார்கள். பதினேழு வயசில் ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகையின் அட்டையில் உள்ளாடையோடு படம் போட்டார்கள், அதே பெண்ணிடம் பத்திரிகையாளர் சந்திப்பில் நீ இன்னும் கன்னிதானா என்றும் கேட்டார்கள். அந்தக் கன்னிப் பிம்பத்தைக் கட்டி எழுப்பியது தன் மேனேஜர்களும் விளம்பரக்காரர்களும்தான் என்று புத்தகத்தில் போட்டு உடைக்கிறார். கவர்ச்சியாகவும் இருக்க வேண்டும், ஒன்றும் தெரியாதவளாகவும் இருக்க வேண்டும் என்று ஒரே உடம்பிலிருந்து இரண்டையும் கேட்டார்கள். எது குறைந்தாலும் பழி அவர் தலையில்.

2002இல் காதலரான பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு உறவு முறிந்தது. அவர் தன் பாட்டு வீடியோவில் பிரிட்னி சாயலில் ஒரு பெண்ணை நடிக்க வைத்தார், ஊரே பிரிட்னியைத் துரோகி என்று சொல்லிவிட்டது. 2003இல் டயான் சாயர் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டியை இப்போது பார்த்தால் நம்பவே முடியாது. மேரிலேண்ட் ஆளுநரின் மனைவி, வாய்ப்புக் கிடைத்தால் பிரிட்னியைச் சுட்டுவிடுவேன் என்று பேசியிருந்தார். அதைப் போட்டுக் காட்டி, இருபத்தோரு வயசுப் பெண்ணிடம் பதில் கேட்கிறார்கள். சுடுவேன் என்று சொன்னவரை யாரும் கேள்வி கேட்கவில்லை, அவரைக் கோபப்படுத்தியதற்கு பிரிட்னி பதில் சொல்ல வேண்டுமாம். அந்தப் பேட்டியில் தன்னை உலகத்தின் முன்னால் வலை போட்டுப் பிடித்த மாதிரி இருந்தது என்கிறார், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. டிம்பர்லேக் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டது 2021 பிப்ரவரியில்.

இந்தப் புத்தகத்தில் கவனித்துக் கேட்க வேண்டியது முடி பற்றி அவர் சொல்கிற பகுதிகள். 2007 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சலூனுக்குள் போய்த் தானே மெஷினை வாங்கி மொட்டையடித்துக்கொண்டார், வெளியே கேமராக்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. உலகம் அதைப் பைத்தியக்காரத்தனத்துக்கு அத்தாட்சி என்றது. அவர் சொல்வது வேறு. தன் நீளமுடியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், சின்ன வயசிலிருந்தே பார்த்துப் பார்த்து அளந்தார்கள், அதை வழித்தெறிந்தது அவர்களுக்கு அவர் கொடுத்த பதில். அப்போது பிரிந்திருந்த கணவர் தரப்பு அவரைத் தன் குழந்தைகளைப் பார்க்க விடாமல் வைத்திருந்தது, குடைச் சம்பவமும் குழந்தைகளைப் பார்க்கப் போய்ப் பார்க்க முடியாமல் திரும்பிய சமயத்தில்தான். 2008 பிப்ரவரியில் கோர்ட் அவருடைய உடம்பையும் சொத்தையும் அப்பாவின் பொறுப்பில் விட்டது. அதன் பிறகு முடியை வளர்க்க வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு.

அப்புறம் லாஸ் வேகாஸ். 2013 கடைசியிலிருந்து 2017 வரை சுமார் 250 மேடை. அவர் தலையைச் சுழற்றி முடியை வீசி ஆடுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும், அவரை வைத்துச் சம்பாதித்தவர்களுக்கும் அதுதான் வேண்டும். அது தெரிந்தே இறுக்கமான விக்கை மாட்டிக்கொண்டு, ஒரு முடிகூட அசையாதபடி ஆடியிருக்கிறார். கேட்ட எல்லாவற்றையும் செய்தார், அதை மட்டும் செய்யவில்லை. ரசிகர்கள் அப்போது என்ன எழுதினார்கள் என்று போய்ப் பாருங்கள், 'முன்ன மாதிரி இல்லை', 'உயிரே இல்லாமல் ஆடுகிறார்'. கையில் மிஞ்சியிருந்த ஒரே எதிர்ப்பு, டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிந்திருக்கிறது. தன் சாப்பாட்டையும் தன் காதலனையும் தேர்ந்தெடுக்கத் தகுதியில்லாத நோயாளி, ஆனால் வாராவாரம் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஆட மட்டும் உடம்பு நன்றாக இருக்கிறது, இது எப்படி என்று அவர் கேட்கிற கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் நேரான பதில் இல்லை.

2021 ஜூன் 23 அன்று நீதிபதி பிரெண்டா பென்னி முன்னால் பிரிட்னி பேசியதையும் தேடிப் படியுங்கள், புத்தகத்துக்கு அது நல்ல துணை. லித்தியம், கட்டாயமாக ஆட வைத்தது, கருத்தடைச் சாதனத்தை எடுக்க விடாதது எல்லாம் அதில் வருகிறது. இத்தனை வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம், யாரும் நம்பமாட்டார்கள் என்று. பாரிஸ் ஹில்டன் தன் பள்ளியில் நடந்த கொடுமையைச் சொன்னபோது நானே நம்பவில்லை என்று கோர்ட்டிலேயே சொல்லி அதற்கு வருத்தமும் தெரிவித்தார். பிரபலமான பெண் சொன்னால் நாடகம் என்று நினைக்க, அதே வேதனையில் இருந்த இன்னொரு பெண்ணையே பழக்கி வைத்திருக்கிறது அந்த ஊர்ப்பேச்சு. நவம்பர் 12 அன்று கோர்ட் அந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது.

சரி, குறைகள். பாட்டு எப்படி உருவானது, ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்பதெல்லாம் மிகக் குறைவு. 2007இல் வந்த 'பிளாக்அவுட்' ஆல்பத்தை இன்றைக்கும் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அதைப் பற்றி இன்னும் பத்துப் பக்கமாவது வேண்டும். அந்தக் கோர்ட் ஏற்பாடு வருஷக்கணக்கில் எப்படி நீண்டுகொண்டே போனது, யாருக்கு எவ்வளவு சம்பளம் போனது என்கிற விவரமும் இதில் கிடைக்காது, அதற்கு நியூயார்க் டைம்ஸ் 2021இல் வெளியிட்ட ஆவணப்படம்தான் உதவும். கடைசிப் பகுதி அவசரமாக முடிகிறது. இருந்தாலும் இன்ஸ்டாகிராமில் தன்னைத்தானே விதவிதமாகப் படம் எடுத்து ஏன் போடுகிறார் என்று சொல்கிற இடம் அருமை. ஆயிரம் தடவை அடுத்தவர்கள் சொன்னபடி நின்று படம் எடுத்துக்கொண்டவளுக்கு, தனக்குப் பிடித்த மாதிரி நின்று தானே எடுத்துக்கொள்வதில் இருக்கிற சந்தோஷம் அது என்கிறார்.

அவர் மேல் உயிரை வைத்திருக்கிற ரசிகர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் அவர் இன்ஸ்டாகிராம் கணக்கை மூடியதும், என்னவோ ஆகிவிட்டது என்று ரசிகர்கள் போலீசுக்கு போன் போட்டு, போலீஸ் அவர் வீட்டுக்கே போய்விட்டது. எல்லை மீறிவிட்டீர்கள் என்று அவர் எழுத வேண்டியதாயிற்று. பைத்தியம் என்று சிரித்தவர்கள் பார்த்த அதே கண்ணால்தான் பாவம் என்று அழுகிறவர்களும் பார்க்கிறார்கள், ஒவ்வொரு ஆட்ட வீடியோவையும் மருத்துவர் மாதிரி ஆராய்கிறார்கள். இப்போதும் கமெண்டில் பாருங்கள், அப்பா வைத்திருந்ததே நல்லது என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆடியோவுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், அச்சுக்கு மூன்றரை. ஆங்கிலம் எளிமைதான், பள்ளி ஆங்கிலம் போதும். கருக்கலைப்பு, தற்கொலை, மருந்து எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வருகிறது, அதனால் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட வேண்டாம். காலேஜ் போகிற பெண் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.