ஒற்றை வரி அறிக்கையும் ஒரு நல்ல மருத்துவரும்

அண்ணனுக்குப் பெருங்குடலில் இருந்த கட்டியை அகற்றிய பிறகு, எம்எம்ஆர் புரதப் பரிசோதனைக்காகத் திசுவை ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். டிஎன்ஏ படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துபவை இந்தப் புரதங்கள். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கும் கட்டியின் செல்களில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பார்கள்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. 'எம்எம்ஆர் குறைபாடு உள்ளது' என்று ஒரே வரி. எந்தப் புரதம் இல்லை என்ற விவரமே கிடையாது. எனக்குக் கடும் கோபம். எம்எல்எச்1 மறைந்தால் அதன் இணையான பிஎம்எஸ்2 புரதமும் மறையும். முதியவர்களிடம் பெரும்பாலும் அது பரம்பரையாக வந்ததாக இருக்காது. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் சேர்ந்து இல்லையென்றால் லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாட்டைச் சந்தேகித்தே ஆக வேண்டும். அது உறுதியானால் உடன்பிறந்த எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இதையா எழுதாமல் விடுவது?

இரண்டு முறை தொலைபேசியில் கேட்டும் பயனில்லை. மூன்றாம் முறை நோய்க்குறியியல் மருத்துவரே பேசினார். கண்ணாடித் தகட்டை மீண்டும் பார்த்ததாகவும், அருகிலுள்ள இயல்பான செல்கள் சாயத்தை ஏற்றிருக்க, கட்டியின் உட்கருக்கள் மட்டும் வெறுமையாக இருப்பதாகவும், அதனால் இது சாயத்தின் கோளாறு அல்ல என்றும் பொறுமையாக விளக்கினார். மறுநாளே திருத்திய அறிக்கை கைக்கு வந்தது: எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இல்லை. அந்த மருத்துவருக்காகவே இந்தக் கூடத்துக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தருகிறேன்.

அண்ணனுடையது இரண்டாம் நிலை. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை. அந்த நிலையில் இந்தக் குறைபாடு உள்ள கட்டிகள் மீண்டும் வரும் வாய்ப்பு குறைவு. ஃபுளோரோயுராசில் என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதாலும் பலனில்லை. புற்றுநோய் மருத்துவர் கீமோதெரபி வேண்டாம் என்று சொன்னபோது அண்ணி அழுதேவிட்டார்.

இன்னொரு குறை. கூடத்தின் விளம்பரத் தாளில், சிஇஏ என்னும் புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைப் 'புற்றுநோயைக் கண்டறிய' என்று போட்டிருக்கிறார்கள். இது தவறு. அறுவை சிகிச்சைக்கு முன் அண்ணனின் சிஇஏ அளவு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம்தான். இயல்பின் உச்சவரம்பு 5. கட்டியோ உள்ளே இருந்தது. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கத்தான் அது உதவும். அந்த வரியை அவர்கள் நீக்க வேண்டும்.

திசு அனுப்புபவர்கள் நான்கு புரதங்களின் முடிவையும் தனித்தனியே எழுதித் தரும்படி முன்பே கேட்டுவிடுங்கள். அண்ணனுக்கு மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அதன் முடிவு வந்த பிறகு என் முறை.