கிராம சபைத் தீர்மானமா, கலெக்டர் ஆபீஸ் மனுவா?

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை அடைப்பு எல்லாம் ஊராட்சியின் நேரடி வேலை. இவற்றுக்குக் கிராம சபையே சரியான இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாயால் சொல்லிவிட்டு வந்தால் பயனில்லை. எந்தத் தெரு, எத்தனை வீடு, என்ன வேலை என்று எழுதிக்கொடுத்து, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பலர் வெற்றுத்தாளிலோ, வாசிக்காமலோ கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பதிவேட்டில் வேறு தீர்மானம் இருக்கும். குறைவெண் வரம்பையும், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பதையும் கவனியுங்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும்.

அடுத்த கூட்டம் இரண்டு மாதம் தள்ளி இருந்தால், அல்லது புறம்போக்கு ஆக்கிரமிப்பு, பட்டா போன்ற வருவாய்த்துறை விஷயமென்றால், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவே மேல். மனு எண்ணுள்ள ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. நான்கைச் சேர்த்தால் ஏதோ ஒரு துறைக்குப் போய் மற்றவை விடுபடும். நில விஷயமென்றால் புல எண்ணும் (சர்வே நம்பர்) புகைப்படமும் அவசியம். மனுவின் பலவீனம், அது பெரும்பாலும் நீங்கள் புகார் சொன்ன அதே அலுவலகத்துக்கே விசாரணைக்குத் திரும்பும்.

அதனால் ஊராட்சி வேலை இழுத்தடித்தால் தீர்மான நகலை மனுவோடு இணையுங்கள். ஊரே கேட்டதை ஒற்றை ஆள் புகாராக ஒதுக்குவது கடினம்.