லாங் பாரில் ஒரு சிங்கப்பூர் ஸ்லிங்: எப்போது போவது, எப்படிக் கேட்பது

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் ஜின்னும் பழச்சாறும் கலந்த சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெய்ல் ஒரு கிளாஸ் 40 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி விற்கிறது. விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகளையும் சேர்த்துப் படியுங்கள். முதலில் 10% சேவைக் கட்டணம் ஏறும், அந்தக் கூட்டுத்தொகை மீது 9% ஜிஎஸ்டி ஏறும். ஆக 40 வெள்ளி 47.96 ஆகிவிடும். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று குடித்தால் 96 வெள்ளி. சேவைக் கட்டணம் வாங்கிவிட்டதால் டிப்ஸ் தனியாக வைக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் மது வரி அதிகம், அதனால்தான் இந்த விலை என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. பரவலாகப் புழங்கும் செய்முறை இது: ஜின் 30 மி.லி., செர்ரி லிக்கர் 15, குவான்ட்ரோ என்ற ஆரஞ்சு லிக்கர் 7.5, பெனடிக்டின் என்ற மூலிகை லிக்கர் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரெனடின் என்ற மாதுளைப் பாகு 10, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரம் ஒரு சொட்டு. இதில் இருக்கும் தூய ஆல்கஹால் 21 அல்லது 22 மி.லி. தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை என்றால் ஒரு கிளாஸுக்கு 2 வெள்ளிகூட வரவில்லை. மிச்சப் பணம் அந்த அறைக்கும் அந்தப் பெயருக்கும்தான். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. ஒருமுறை போகலாம், ஒரு கிளாஸ் போதும் என்பதே எங்கள் கணிப்பு.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 330 மி.லி. சாதாரண பியரில் இருப்பது ஏறக்குறைய 16.5 மி.லி. ஆல்கஹால். ஸ்லிங்கில் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் நாக்குக்குப் பழச்சாறு மாதிரிதான் தெரியும். வெயிலில் நடந்து களைத்து வந்து, தாகத்துக்கு மடமடவென்று குடிப்பவர்கள் எழுந்திருக்கும்போதுதான் உணர்வார்கள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

1915இல் இந்த ஹோட்டலில் மது கலக்கும் வேலையில் இருந்த ஹைனான் சீனர் ஙியாம் தோங் பூன் இதை உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. பெண்கள் பொது இடத்தில் குடிப்பது தகாது என்றிருந்த காலத்தில், பழரசம் போல இளஞ்சிவப்பாகத் தெரியட்டும் என்று செய்தாராம். அன்றைய செய்முறையில் அன்னாசி இருந்ததா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இன்றைய ஸ்லிங் சுவையில் தவறிப்போவது பெரும்பாலும் இனிப்பில்தான். கிரெனடின், செர்ரி, அன்னாசி மூன்றும் இனிப்பு, எதிர்த்து நிற்பது 15 மி.லி. எலுமிச்சை மட்டுமே. “கிரெனடின் பாதி, எலுமிச்சை கொஞ்சம் கூட” என்று கேளுங்கள். புது அன்னாசிச் சாற்றை நன்றாகக் குலுக்கினால் மேலே தடித்த நுரை கட்டி நிற்கும். டப்பாச் சாற்றில் அந்த நுரை சீக்கிரம் கலைந்துவிடும். எந்த பாரிலும் ஸ்லிங்கைப் பார்வையிலேயே எடைபோட இது ஒன்று போதும். லாங் பாரில் கையால் சுற்றும் ஒரு இயந்திரம் பல கிளாஸ்களுக்கான கலவையை ஒரே நேரத்தில் குலுக்குகிறது. பார்க்க அழகுதான். ஆனால் உங்கள் ருசிக்கு மாற்றிக் கேட்க வேண்டுமென்றால் தனி ஷேக்கரில் செய்யச் சொல்ல வேண்டும், அதற்குக் கூட்டம் குறைந்த நேரமாக இருக்க வேண்டும். வார நாளில் பிற்பகல் 3 மணிக்கு முன் போவது நல்லது. சாயங்காலமும் வார இறுதியும் வாசலில் வரிசை நிற்கும்.

மேசையைவிட கவுண்டர் முன் உயர நாற்காலியில் உட்காருங்கள். கலப்பதைப் பார்க்கலாம், கேட்பதையும் நேரில் கேட்கலாம். வேர்க்கடலை தோலோடு வரும், உரித்து ஓட்டைத் தரையில் போடுவதுதான் இங்கே வழக்கம். குப்பை போட்டால் முதல் தடவையே 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கக்கூடிய ஊரில் குழந்தைகளுக்கு இது பெரிய குதூகலம். ஆனால் காலடியில் ஓடு வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த இடத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும். தூள் மேசையிலும் தரையிலும் எங்கும் இருக்கும்.

அறையின் அலங்காரம் 1920களின் மலாயாத் தோட்டத் துரைமார் பாணி. கருத்த மரம், சுழல் படிக்கட்டு, கூரையில் வரிசையாக அசையும் ஓலை விசிறிகள். 1915இல் ஸ்லிங் பிறந்த அறை இதுவல்ல. 1989 முதல் 1991 வரை நடந்த புதுப்பிப்பில்தான் லாங் பார் கடை வளாகத்தின் இரண்டாம் தளத்துக்கு வந்தது. தமிழர் இந்த அலங்காரத்தைப் பார்க்கும்போது மனதில் வர வேண்டியது வேறொன்று. துரைமார் கிளப்பில் ஜின் குடித்த அந்த ஆண்டுகளில் விடியலுக்கு முன் எழுந்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். அவர்களுக்கு வாய்த்தது தோட்டத்துக் கள்ளுக்கடை. கூரையில் இன்று இயந்திரம் ஆட்டும் விசிறியை அன்று கயிறு பிடித்து இழுக்க ஆள் இருந்தது. அந்த உழைப்பைப் பற்றி ஒரு சிறு பலகையாவது அங்கே இருக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறோம்.

வயிறு நிறையச் சாப்பிட இது இடமல்ல. அதே ஹோட்டலின் டிஃபின் ரூமில் வட இந்தியச் சாப்பாடு கிடைக்கும். முன்பதிவு செய்து, அரைக்கால் சட்டையும் செருப்பும் தவிர்த்துப் போக வேண்டும். செலவைக் குறைக்க நினைத்தால் நார்த் பிரிட்ஜ் ரோட்டிலேயே வடக்கு நோக்கிக் கால் மணி நேரம் நடங்கள். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் இருக்கும் ஸம் ஸம் கடையில் ஆட்டுக்கறி முர்தபா (உள்ளே கறி வைத்து மடித்த ரொட்டி) சுடச்சுடக் கிடைக்கும். அங்கே மது கிடையாது. காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஹோட்டலுக்கு எஸ்பிளனேட், சிட்டி ஹால் என்று இரண்டு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்கள் நடை தூரத்தில் இருக்கின்றன.