கறுப்பாக இருக்கிறதே என்று குளவி அட்டையை நம்பிவிடாதீர்கள்

வெள்ளை ஈக்கு ஒட்டுண்ணிக் குளவி அட்டை வாங்கப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்குக் காசு போனது ஒரு பக்கம். குளவி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஐந்து வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன், அந்த ஐந்து வாரத்தில் பசுமைக்குடிலில் பாதித் தக்காளி போய்விட்டது. விற்றவர் யார் என்று கேட்காதீர்கள், பெயரைப் போடப் போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்டது என்கார்சியா ஃபார்மோசா. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. தலையும் மார்பும் கறுப்பு, வயிறு மஞ்சள். ஆளைக் கொட்டாது. இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு, குஞ்சை உள்ளிருந்தே தின்று வளரும். பசுமைக்குடில் வெள்ளை ஈ என்றால், குளவி உள்ளே இருக்கிற குஞ்சு கறுப்பாகிவிடும். அந்தக் கறுத்த குஞ்சுகளைத்தான் அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். அட்டையைச் செடியில் தொங்கவிட்டால் குளவி வெளியே வந்து தன் வேலையைப் பார்க்கும்.

பெட்டி வந்தது. திறந்தபோது உள்ளே வியர்த்திருந்தது, மூடியில் நீர்த்துளி. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் அட்டையில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் அடர்த்தியாக இருந்தன. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. நிழலில், கீழ் இலைகளுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதில் தவறில்லை. இரண்டு அட்டை மிஞ்சியது. அவற்றை ஜிப் உறையில் போட்டு மூடி அலமாரியில் வைத்தேன். அந்த இரண்டும்தான் பிறகு எனக்குச் சாட்சி.

மூன்று வாரம் ஆயிற்று. செடியைத் தட்டினால் புகைபோல் வெள்ளை ஈ எழும்புகிறது. கீழ் இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம். இலையின் அடியில் ஒரு கறுத்த குஞ்சுகூட இல்லை. விற்றவரைக் கூப்பிட்டேன். "பொறுமையா இருங்க சார், இதென்ன மருந்தா, அடிச்ச மறுநாளே தெரிய?" என்றார். சொன்னதில் உண்மை இருக்கிறது. முட்டையிலிருந்து குளவியாக வர, சூட்டைப் பொறுத்து, ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆனால் குஞ்சு கறுக்க அவ்வளவு நாள் ஆகாது, பத்துப் பன்னிரண்டு நாளிலேயே தெரிய ஆரம்பிக்கும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்னும் இரண்டு வாரம் பொறுத்தேன்.

அதன் பிறகுதான் லென்ஸ் எடுத்தேன். அலமாரியில் வைத்திருந்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கறுத்த கூடுகளில் பெரும்பாலானவற்றில் வட்டமாக ஒரு துளை. குளவி கடித்து வெளியேறிய துளை அது. சரி, உறைக்குள்ளேயே பொரித்துச் செத்திருக்கும் என்று தேடினேன். உறையைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் தட்டியும் பார்த்தேன். ஒரு குளவிகூட இல்லை. மூடிய உறையிலிருந்து எங்கே போகும்? என் கைக்கு வருமுன்பே எல்லாம் பறந்துவிட்டன. எனக்கு வந்தது வெறும் ஓடு. துளை இல்லாத சிலவற்றை ஊசியால் கீறிப் பார்த்தேன், உள்ளே வற்றிக் கருகிய குளவி.

தாளில் வேறொன்று விழுந்தது. காய்ந்துபோன மூன்று வெள்ளை ஈ. அட்டையை மறுபடி பார்த்தேன். சில கூடுகள் கறுக்கவே இல்லை, அவற்றின் முதுகு ஆங்கில டி (T) எழுத்துப்போல் பிளந்திருந்தது. குளவி வந்தால் வட்டத் துளை, வெள்ளை ஈ வந்தால் டி பிளவு. ஒட்டுண்ணி ஏறாத குஞ்சைச் சரியாகப் பிரித்தெடுக்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதாவது வெள்ளை ஈயைக் காசு கொடுத்து வாங்கி என் செடியில் நானே மாட்டியிருக்கிறேன்.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது. "நீங்க மருந்து அடிச்சிருப்பீங்க சார், அதான் குளவி செத்துப்போச்சு."

இங்கே என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். அட்டை வருவதற்கு மூன்று வாரம் முன்பு செயற்கைப் பைரித்ராய்டு அடித்திருந்தேன். இந்த வகை மருந்து இலையில் வாரக்கணக்கில் தங்கிக் குளவியைக் கொல்லும். நல்ல குளவியே வந்திருந்தாலும் என் குடிலில் பாதி செத்திருக்கும். ஆனால் இதை மறைத்தா வாங்கினேன்? பணம் கட்டும் முன்பே என்ன மருந்து, எப்போது அடித்தேன் என்று எழுதிக் கேட்டேன். "பிரச்சனையே இல்ல சார், தாராளமா விடலாம்" என்று அவர் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பியதும் பேச்சு நின்றது.

உங்களிடம் எந்த வெள்ளை ஈ என்று கேட்காமல் அட்டை விற்கிறவரிடம் வாங்காதீர்கள். என்னிடம் அவர் கேட்கவே இல்லை. பசுமைக்குடில் வெள்ளை ஈ இறக்கையைத் தட்டையாக வைத்திருக்கும். பெமிசியா டபாசி என்கிற இன்னொன்று கூரைபோல் சரித்து மடித்திருக்கும், உடம்பும் கொஞ்சம் மஞ்சள் தூக்கல். பெமிசியாவுக்கு என்கார்சியா ஃபார்மோசாவைவிட எரெட்மோசெரஸ் இனக் குளவிதான் பொதுவாக நன்றாக வேலை செய்யும். ஈ ஏற்கெனவே புகைபோல் எழும்புகிறது என்றால் எந்தக் குளவியும் தனியாகச் சமாளிக்காது. ஒன்றிரண்டு ஈ தென்படும்போதே விட்டு, வாரா வாரம் தொடர்ந்து விட வேண்டும். 18 டிகிரிக்குக் கீழே போனால் என்கார்சியா பறக்காது, நடந்துதான் போகும். கீழ் இலையைக் கழிக்கிறவர்கள் கறுத்த குஞ்சு உள்ள இலையையும் சேர்த்து வெளியே எறிந்துவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

இத்தனைக்கும் குளவிமேல் எனக்குக் கோபம் இல்லை. 1926 இல் இங்கிலாந்தில் ஒரு தக்காளி விவசாயி, வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே சில கறுத்திருப்பதைக் கவனித்ததில் தொடங்கியது இந்தக் கதை. பூச்சிமருந்துகள் வந்த பிறகு மறந்தே போய், ஈக்கு மருந்து பழகிப்போனதும் திரும்பத் தேடிப் பிடித்தார்கள்.

போன வாரம் வேறொருவரிடம் ஒரே ஒரு அட்டை வாங்கினேன். முதலில் லென்ஸ் வைத்துத் துளைகளை எண்ணினேன், நான்கு இருந்தது. கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, வெயில் படாத இடத்தில் வைத்தேன். நேற்றுக் காலை போத்தலின் உள்பக்கம் தூசிபோல் ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கலாம் என்று துணியை அவிழ்க்கப் போனேன். அதற்குள் தூசி நடக்க ஆரம்பித்தது.